ஆண்டியப்பன் வீட்டுப் படிக்கல்

கீரனூரிலிருந்து கிழக்கே வண்டித்தடத்தில் நாலு மைல் போனால் அரமனை மலை. மலை என்று பெயரே தவிர, பெரிய மலைகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கண்டால் சிரித்துவிடுவார்கள். ஒற்றைப் பாறை, இடுக்குகளில் சூரையும் கள்ளியும், உச்சியில் ஒரு சுனை. சுற்றிலும் வரகும் கடலையும் போடுகிற செம்மண் பொட்டல். கண்ணுக்கு எட்டிய தூரம் வேறு மேடு கிடையாது என்பதால் அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் மலை. உச்சியில் ஒரு காலத்தில் அரண்மனை இருந்தது. எந்த ராசா கட்டினான், யார் இடித்தான் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. ஆண்டியப்பன் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடிந்தது.

ஆண்டியப்பனுக்கு அப்போது நாற்பது வயது. ரெண்டு ஏக்கர் கடலைக் காடு, ஒரு சோடி மாடு, செவந்தி என்று ஒரு பெண்டாட்டி. மலை பார்க்க யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு ஏறுவது அவன் அப்பன் குழந்தைசாமி காலத்திலிருந்து அந்த வீட்டு வேலை. அதற்கென்று ஒரு காக்கிக் கோட்டு வைத்திருந்தான். எப்போதோ வந்த சர்வே அதிகாரி விட்டுப்போனது. முழங்கை இரண்டிலும் ஒட்டு. அதைப் போட்டுக்கொண்டால் அவன் நடையே மாறிவிடும். "இதுதான் ஆனைக்கொட்டாரம். ஆயிரம் ஆனை நின்ன எடம்" என்று கையை வீசிக் காட்டுவான். அங்கே ஒரு வண்டிமாடு நின்றால் வால் வெளியே தெரியும். ஆனால் அவன் சொல்லுகிற தோரணையில் பள்ளிக்கூட வாத்தியார்கள்கூடத் தலையை ஆட்டிக்கொண்டு வருவார்கள்.

யார் இடித்தான் என்று தெரியாது என்றேன். பாதி தெரியும். அந்த ஊரில் அரண்மனைக் கல் இல்லாத வீடு ஏது? ஒரு வீட்டில் அது அம்மி, இன்னொரு வீட்டில் மாட்டுத்தொட்டி, ஊர்க்கிணற்றில் துவைகல். பீரங்கி இடித்தது போக மிச்சத்தை ஊர்க் கடப்பாரைகள் பார்த்துக்கொண்டன. ஆண்டியப்பன் வீடு மண்சுவரும் பனையோலைக் கூரையுமான சாதாரண வீடுதான். வாசற்படி மட்டும் ஒரே கல்லில், முழ அகலத்தில், எந்த மச்சு வீட்டுக்கும் குறையாதபடி கிடந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் செவந்தி அதைத் தேய்த்துக் கழுவி, மாக்கோலம் போட்டு, ஒரு பூ வைப்பாள்.

அந்தப் படியில் ஆண்டியப்பன் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் ஒரே எட்டாகத் தாண்டிவிடுவான். செவந்தி கேலி செய்வாள்.

"நல்ல கல்லு கெடக்கு. அதுல கால வச்சு வந்தா தேஞ்சா போயிரும்? ஒட்டகத்துக்கு வாக்கப்பட்டாப்ல இருக்கு எனக்கு."

"மலையேறிப் பழகுன காலு. சின்ன எட்டு வைக்க வராது" என்பான் அவன்.

பன்னிரண்டு வருஷமாக இந்தக் கேலி நடக்கிறது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் செவந்தி மூன்று பிள்ளை பெற்றாள். மூத்தது காய்ச்சலில் போயிற்று. இரண்டாவது பேதியில். மூன்றாவது ஒரு நோவும் இல்லாமல், நாற்பத்து மூன்றாம் நாள் விடிகாலையில் எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் நாலு வருஷமாக ஒன்றும் இல்லை. அவள் போகாத கோயில் பாக்கியில்லை.

பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆனபோது ஒரு தபால் கார்டு வந்தது. 'அரமனை மலை காட்டும் ஆளுக்கு' என்று மேல்விலாசம். மணமேல்குடியிலிருந்து ஒரு குடும்பம் வருகிறதாம், காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்க வேண்டுமாம், அன்றைக்கு வேறு யாரையும் மலைக்குக் கூட்டிப் போக வேண்டாமாம், குடிதண்ணீர் சுமக்க ஒரு பெண்ணாள் வேண்டுமாம். தபால்காரர் படித்துச் சொன்னதும் ஆண்டியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மலை முழுக்கத் தங்களுக்கென்று கேட்டு யாரும் அதுவரை வந்ததில்லை.

"பெண்ணாளுக்கு எங்க போறது? நானே வாரேன்" என்றாள் செவந்தி. "அந்த மலையடியில பன்னெண்டு வருசமாக் குடியிருக்கேன். ஒரு நாளாச்சும் மேல கூட்டிப் போயிருக்கீங்களா?"

சொன்ன நாளில் காலை எட்டு மணிக்குப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் வந்தது. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. புதுக்கோட்டையில் அமர்த்திய வாடகைக் கார், பின்புறம் பெரிய தகர உருளையைக் கட்டிக்கொண்டு, அதில் அடுப்புக்கரி புகைய, இருமிக்கொண்டு வந்து நின்றது. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள் இறங்கினாள். வெள்ளைச் சீலை, நெற்றியில் திருநீறு, வெயிலில் கறுத்த முகம். பெயர் உண்ணாமலை. கூட வந்தவர் அவளுடைய தம்பி அடைக்கலம். ஒல்லியான மனிதர், கோபக்காரர் என்று பார்த்தவுடன் தெரிகிற மூக்கு. காரிலிருந்து ஒரு கூடையும், துணி மூட்டையும், வாய் கட்டிய மண்சட்டி ஒன்றும் இறங்கின. சட்டியிலிருந்து கருவாட்டுக் குழம்பு மணம் தூக்கியது.

ஆண்டியப்பன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் உண்ணாமலை, அடைக்கலம், கடைசியில் தலையில் தண்ணீர்க்குடத்தோடு செவந்தி. அவள் புதுமணப்பெண் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தாள். குடம் தளும்பாமல் இருக்க ஒரு கொத்து வேப்பிலை போட்டிருந்தாள்.

முதல் திருப்பத்தில் ஆண்டியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "இங்கனதாங்க மொத காவல். எட்டாள் உயரக் கதவு. ஐம்பொன்னு—"

"மரக்கதவுதான் தம்பி" என்றாள் உண்ணாமலை. "எங்க ஆத்தா சொல்லியிருக்கு." அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மூச்சு வாங்க நின்று, அவன் முகத்தையே பார்த்தாள். "ஒங்கப்பாரு பேரு குழந்தைசாமிதானே?"

"ஆமாங்க. எப்படித் தெரியும் ஒங்களுக்கு?"

"மூக்கும் முழியும் அப்படியே இருக்கே. பத்து வயசுல நான் இங்க வந்திருக்கேன். எங்க அக்கா கல்யாணத்துக்குப் படைக்கன்னு ஆத்தாளும் மாமனும் வந்தாக. நானும் வருவேன்னு அழுது பெரண்டு கூட வந்துட்டேன். ஒங்கப்பாருதான் பாதி மலைக்கு என்னையத் தோள்ல தூக்கிட்டு ஏறுனாரு. நல்லாருக்காரா?"

"செத்துப் பதினஞ்சு வருசம் ஆச்சுங்க."

"அடப்பாவமே. பாதத்தாளு படியைப் பாத்துக்கிட்டிருந்த மனுசன்."

பாதத்தாள் என்ற சொல்லைக் கேட்டதும் ஆண்டியப்பன் சட்டென்று திரும்பிக்கொண்டு ஏறத் தொடங்கினான். அதற்குப் பிறகு அவன் ஆனைக்கொட்டாரத்தைத் தாண்டும்போது வாயே திறக்கவில்லை.

பாதி வழியில் ஒரு பாறை நிழல் உண்டு. அங்கே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார்கள். செவந்திதான் கேட்டாள்.

"பாதத்தாளுன்னீங்களே, அது ஆருங்க? நான் கேட்டதே இல்லையே."

"ஒம் புருசன் சொல்லலையா? இந்த அரமனையில இருந்தவுக எங்க ஆளுக தாயி. சண்டை வந்து, எல்லாரும் மலைய விட்டு எறங்கி ஓடுனாக. ஒருத்திக்கு மட்டும் நெறமாசம். ஒரு எட்டுக்கூட நடக்க முடியல. 'நீங்க பொழைச்சுக்கங்க, என்னால வர முடியாது'ன்னு வாசப்படியிலயே ஒக்காந்துட்டா. இவுக ஓடி ஓடி, கடல் மறிச்ச பெறகுதான் நின்னாக. அதான் மணமேக்குடி."

"அவ?"

"ரெண்டு நாள் கெடந்திருக்கா. எதிரி ஆளுக மேல இருக்கையிலயே அடிவாரத்துக்காரன் ஒருத்தன் ஏறி வந்து ஒரு கலயம் தண்ணி குடுத்திருக்கான். 'எங்க ஆளுக என்னையத் தேடி வருவாக. வந்தா ஒனக்கு மொத எலை போடச் சொல்லு'ன்னு சொல்லிட்டுத்தான் உசிர விட்டாளாம். புள்ளையும் வயித்துக்குள்ளயே போயிருச்சு. பெறகு வந்தவுக அவ ஒக்காந்த படியிலயே ரெண்டு பாதம் செதுக்கி வச்சாக. எடது கால்ல சுண்டுவெரல் இருக்காது. அவளுக்குப் பெறவியிலயே கெடையாதாம். எங்க வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணம்னா தாயும் தாய்மாமனும் வந்து, கூறைச்சீலைய அந்தப் பாதத்துல வச்சு எடுத்துட்டுப் போகணும். கடல்மீனுல கொழம்பு வச்சுக் கொண்டாரணும். அவதான் கடலப் பாக்கலையே."

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடைக்கலம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த அக்கா கல்யாணம் ரங்கூன்ல நடந்துச்சு. படைக்க வரல. போன வருசம் குண்டு விழுந்து நடந்தே வந்தோம். அத்தான் வழியிலயே, ஒரு காட்டுக்குள்ள..."

"அத எதுக்கு இப்ப? எம் மகளுக்கு அந்தக் கொறை இருக்கக்கூடாது, அம்புட்டுத்தான்" என்று எழுந்துகொண்டாள் உண்ணாமலை.

ஆண்டியப்பன் முன்னால் நடந்தான். கால் நடந்ததே தவிர மனசு இருபத்தாறு வருஷத்துக்குப் பின்னால் கிடந்தது. அவனுக்குப் பதினாலு வயது. அப்பன் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஆறு பேர் அந்தப் படிக்கல்லைக் கடப்பாரை போட்டு நெம்பி, சறுக்குக்கட்டையில் ஏற்றி, கயிறு கட்டிப் பாறைச்சரிவில் இறக்கினார்கள். அவனும் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தான். "அவுகதான் குடும்பத்தோட பர்மாவுக்குப் போயிட்டாகளாம். இனி எவன் வரப்போறான்?" என்றார் அப்பன். வாசலில் பதிக்கும்போது, "பாதத்தக் கீழ பாத்தாப்ல போடுங்கடா. மேல இருந்தா மிதிக்கக் கூச்சமா இருக்கும்" என்று அவரே சொன்னார். போட்டார்கள். அன்றிலிருந்து சாகிற வரைக்கும் அப்பன் அதன் மேல் கூசாமல் நடந்தார். மகனுக்கு மட்டும் கால் வரவில்லை.

கல்யாணமான புதிதில் செவந்தியிடம் சொல்ல நினைத்தான். புதுப்பெண் பயந்துவிடுவாள் என்று விட்டான். மூத்தது போனபோது சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது போனபோது ராத்திரி முழுக்க அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவதுக்குப் பிறகு சொல்லுகிற பேச்சுக்கே இடமில்லை. கல்லுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று படித்தவர்கள் கேட்பார்கள். ஆண்டியப்பனும் தன்னைத்தானே அப்படித்தான் கேட்டுக்கொண்டான், ஆயிரம் தடவை. கேட்டுவிட்டு மறுபடியும் தாண்டித்தான் போனான்.

உச்சிக்கு வந்துவிட்டார்கள். சுனை, இடிந்த மதில், கூரையில்லாத நாலு சுவர். அந்தச் சுவரின் வாசலில் சதுரமாக ஒரு குழி. மற்றவர்களிடமெல்லாம் 'ராசா பொதையல் எடுத்த குழி' என்று சொல்லி, எட்டிப் பார்க்க வைப்பான். இன்றைக்கு அதைத் தாண்டி வேகமாகப் போய், "இங்கிட்டு வாங்க, சொனையில தாமரை பூத்திருக்கு" என்றான்.

உண்ணாமலை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இங்கதான இருந்துச்சு" என்றாள். "தம்பி, படி எங்க?"

ஆண்டியப்பன் செவந்தியைப் பார்த்தான். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அதே கேள்வியோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லாமல் அந்த அம்மாள் மட்டும் கேட்டிருந்தால் ஒருவேளை காலில் விழுந்திருப்பான்.

"இடி விழுந்துச்சுங்க" என்றான். "ஒரு ஐப்பசியில. தூள்தூளாப் போச்சு."

"எப்ப? நான் கேள்விப்படலையே" என்றாள் செவந்தி.

"நீ வாக்கப்பட்டு வர்றதுக்கு முந்தி."

உண்ணாமலை குழியோரம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். குழிக்குள் கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளினாள். சத்தம் போட்டு அழவில்லை. "வந்துட்டோம் ஆத்தா, பிந்தி வந்துட்டோம்" என்று மட்டும் ரெண்டு மூன்று தடவை சொன்னாள். அடைக்கலம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆண்டியப்பனுக்கு அந்தக் காக்கிக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. ஓட மலையில் ஏது இடம்?

கல் இல்லாவிட்டாலும் இடம் இருக்கிறதே என்று அங்கேயே படைத்தார்கள். சிவப்புக் கூறைச்சீலையைக் குழியின் மேல் விரித்தாள். பச்சரிசிச் சோறு, சீலாக் கருவாட்டுக் குழம்பு, பொரித்த நெத்திலி, ஒரு கலயத்தில் தண்ணீர். சூடம் காட்டி முடித்ததும், ஒரு தலைவாழை இலையைப் போட்டு, "வாங்க தம்பி" என்று ஆண்டியப்பனைக் கூப்பிட்டாள்.

"எனக்கெதுக்குங்க? நீங்க சாப்பிடுங்க."

"அதென்ன அப்படிச் சொல்லிட்டீக? அவளுக்குத் தண்ணி குடுத்த வம்சம் நீங்க, மொத எலை ஒங்களுக்குத்தான். ஒங்கப்பாருக்கும் எங்க ஆத்தாதான் பரிமாறுச்சு. இங்கனதான் ஒக்காந்தாரு. நீங்க சாப்பிடாம நாங்க கை நனைக்கக்கூடாது."

அடைக்கலம் எழுந்து வந்து ஒரு புது வேட்டியை அவன் கையில் வைத்தார். அந்தக் கோபக்கார மனிதர் கும்பிட்டார். ஆண்டியப்பன் உட்கார்ந்தான். வேறு என்ன செய்வது? உண்ணாமலை சோறு வைத்து, குழம்பை ஊற்றி, பெரிய துண்டமாகப் பார்த்து எடுத்து வைத்தாள். நல்ல குழம்பு, புளியும் காரமும் ஏறி, ஒரு நாள் வைத்திருந்து எடுத்த குழம்பு. அவன் நாக்கு அதைச் சுவைத்தது. அதுதான் அவனுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. தொண்டை அடைக்க வேண்டிய சோறு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"அப்பனும் இப்படித்தான் தின்றிருப்பார்" என்று நினைத்தான். தின்றுவிட்டு, பத்து வருஷம் கழித்துக் கடப்பாரையோடு வந்தார்.

பெண்கள் இருவரும் கடைசியில் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

"ஒனக்கு எத்தனை புள்ளைக தாயி?"

"மூணு பெத்தேங்க. ஒண்ணும் தங்கல."

உண்ணாமலை நெருங்கி உட்கார்ந்தாள். படைத்த சோற்றில் ஒரு உருண்டை உருட்டிச் செவந்தி கையில் வைத்தாள். "இதச் சாப்பிடு. வயித்துப் புள்ளையோட போனவ அவ. ஒன் வருத்தம் அவளுக்குத் தெரியாம இருக்காது. படி மட்டும் இருந்திருந்தா அந்தப் பாதத்துல ஒன் தலைய வச்சு எடுத்திருப்பேன்."

செவந்தி இரண்டு கையாலும் அந்த உருண்டையை வாங்கிக்கொண்டாள். குழிப்பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, ஒரு பருக்கை சிந்தாமல் தின்றாள். ஆண்டியப்பன் சுனைக்கரையில் கை கழுவிக்கொண்டே இருந்தான். கழுவி முடியவில்லை.

இறங்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அடிவாரத்தில் கார்க்காரர் உருளையில் கரியைக் கொட்டிக் கிண்டிக்கொண்டிருந்தார். அரை மணி ஆகும் என்றார்.

"அதுவரைக்கும் நம்ம வீட்டுல வந்து ஒரு வா நீர்மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள் செவந்தி.

"அவுக அலுத்துப்போய் வந்திருக்காக" என்றான் ஆண்டியப்பன். "இங்கனயே மரத்தடியில ஒக்காரட்டும். நான் போய் மோர எடுத்தாரேன்."

"நல்லாருக்கே நீங்க சொல்றது! படைச்ச சோத்த என் கையில வச்சவுக. வாசல்ல காலு வைக்காம அனுப்புறதா? நீங்க வாங்கக்கா."

ஊர்த் தெருவில் அவள் முன்னால் நடந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் கழுவிப் போட்ட மாக்கோலம் படியில் இன்னும் அழியாமல் இருந்தது. நடுவில் ஒரு பூவரசம்பூ.

"மண்ணு வீடா இருந்தாலும் வாசல் எம்புட்டு லட்சணமா இருக்கு பாரு" என்றாள் உண்ணாமலை. செவந்தி ஓடிப்போய்க் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைச் செம்பில் மொண்டு கொடுத்தாள். அந்த அம்மாள் காலைக் கழுவிக்கொண்டு, சீலையைக் கொஞ்சம் தூக்கி, ஈரக்காலைப் படியின் மேல் வைக்கப் போனாள்.

"மிதிக்காதீங்க!"

அந்தக் கூச்சல் தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று ஆண்டியப்பனுக்கே உடனே புரியவில்லை. உண்ணாமலை காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பாம்போ என்று அடைக்கலம் குனிந்து பார்த்தார்.

"மிதிக்காதீங்கம்மா. அது அவ படிதான். இடி விழல. எங்கப்பன் பேத்துக் கொண்டாந்து போட்டாரு. நானும் கயித்தப் புடிச்சேன். பாதம் கீழ இருக்கு."

 அடைக்கலம் நிமிர்ந்து வந்து கோட்டின் மார்பைப் பிடித்தார். கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"மொத எலையில ஒக்காந்து தின்னியேடா" என்றார். "கை ஈரம்கூடக் காயலையேடா."

அடித்திருந்தால் தேவலை. ஆண்டியப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் அரண்மனைக் கல் உண்டு. அதனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"விடு அடைக்கலம்" என்றாள் உண்ணாமலை. "பெரட்டிப் பாக்கணும். கடப்பாரை இருக்கா?"

இருந்தது. அதே கடப்பாரைதான். ஆண்டியப்பன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானே நெம்பினான். கூடியிருந்தவர்களில் மூன்று பேர் வந்து கை கொடுத்தார்கள். கல் மண்ணை விட்டு மெதுவாக எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மல்லாந்து விழுந்தது. மாக்கோலம் அடியில் போயிற்று. மேலே ஈரமண் அப்பிக் கிடந்தது. வெள்ளை வேர்களும் நாலைந்து மண்புழுவும். உண்ணாமலை கையை நீட்டினாள். செவந்தி குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். அந்த அம்மாள் உள்ளங்கையால் தேய்க்கத் தேய்க்க, குதிகால் வந்தது, பிறகு விரல்கள் வந்தன. சின்னக் கால்கள். இடது காலில் நாலே விரல்.

உண்ணாமலை கூறைச்சீலையை எடுத்து அந்தப் பாதங்களின் மேல் வைத்தாள். நெற்றியை அதன் மேல் பதித்து வெகுநேரம் இருந்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்க்க ஆண்டியப்பனுக்குத் தைரியமும் இல்லை.

"திங்கக்கெழமை ஆள் கூட்டிட்டு வாரோம்" என்றார் அடைக்கலம், அவனிடம் அல்ல, கூட்டத்திடம். "மேல ஏத்தணும். அதுவரைக்கும் எவன் காலும் படக்கூடாது."

"நான் பாத்துக்கிறேன்" என்றாள் செவந்தி.

உண்ணாமலை புறப்படும்போது செவந்தியின் தலையைப் பிடித்து, சொன்னபடியே, அந்தப் பாதத்தில் வைத்து எடுத்தாள். ஏதோ காதில் சொன்னாள். ஆண்டியப்பன் வேட்டியைத் திருப்பி நீட்டினான். அவள் வாங்கவில்லை. "தண்ணி குடுத்தவன் வம்சத்துக்குன்னு கொண்டாந்தது. எனக்கு எதுக்கு?" என்றாள். கார் புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று.

கூட்டம் கலைந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாடுகள் காட்டிலிருந்து தாமாகவே வந்து தொழுவத்தில் நின்றன. செவந்தி கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆண்டியப்பன் கொஞ்சம் தள்ளி நின்றான். திட்டுவாள், மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், அண்ணன் வீட்டுக்கு மூட்டை கட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அதில் எதைச் செய்திருந்தாலும் தாங்கியிருப்பான்.

"ஒட்டகம்னு கேலி பண்ணுவேன்ல" என்றாள் அவள், கல்லைப் பார்த்துக்கொண்டே.

அவன் குனிந்து, கழற்றிப் போட்ட கோட்டை எடுத்தான்.

"மலையேறிப் பழகுன காலுன்னு சொன்னீங்க. நம்பினேன்."

"செவந்தி, நான்..."

"மூணு தடவையும் பொறந்த வீட்டுல இருந்து புள்ளையத் தூக்கிட்டு வந்தேன். மூணு தடவையும் நீங்க வாசல்லதான் நின்னீங்க. நான் இதுல ரெண்டு காலையும் வச்சு நிக்க, ஆலாத்தி எடுத்தாக. நீங்க பாத்துக்கிட்டுத்தான் நின்னீங்க." அவள் குரல் உயரவில்லை. "புள்ள போனது இதனாலன்னு நான் சொல்லல. காய்ச்சலுக்குப் போச்சு, பேதிக்குப் போச்சு. ஆனா மிதிச்சா ஆகாதுன்னு ஒங்களுக்குத் தோணுச்சுல்ல? தோணித்தான் தாண்டுனீங்க?"

"ஆமா" என்றான் ஆண்டியப்பன்.

"நீங்க மட்டும் தாண்டுனீங்க."

அவள் எழுந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். படி இருந்த இடத்தில் வாசலை அடைத்துக்கொண்டு, மலைமேல் இருப்பது போலவே ஒரு சதுரக் குழி. சீலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்து, ஒரே எட்டில் அதைத் தாண்டி உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே சிம்னி விளக்கு ஏற்றுகிற சத்தம் கேட்டது, அடுப்பில் சுள்ளி ஒடிக்கிற சத்தம் கேட்டது.

ஆண்டியப்பன் குழியின் இந்தப் பக்கம் நின்றான். இருபத்தாறு வருஷமாகத் தாண்டிப் பழகிய கால், அன்றைக்கு எழும்பவில்லை.